சில்லிச் சட்டியில் ராஜ்மா: பூர்வபக்கமும் மறுப்பும்

டெக்ஸஸ் மாநிலச் சட்டமன்றம் 1977-இல் சில்லியை மாநில உணவாக அறிவித்தது. எத்தனையோ மசோதாக்களுக்கு நடுவே ஒரு குழம்புக்கும் நேரம் ஒதுக்கிய அவையை முதலில் வணங்கிக்கொள்கிறோம். மாட்டிறைச்சி, காய்ந்த மிளகாய், சீரகம், பூண்டு, ஓரிகானோ ஆகிய ஐந்தும் சில்லியின் உறுப்புகள். ஆறாவதாக ராஜ்மா போன்ற பயறு உண்டா, இல்லையா? இதுவே ஆராய்ச்சிக்குரிய ஐயம்.

இல்லை என்பது டெக்ஸஸ்காரரின் பூர்வபக்கம். அவர்கள் காட்டும் சான்றுகளும் லேசுப்பட்டவை அல்ல. அதிபர் லிண்டன் ஜான்சன் வீட்டுச் சில்லியின் செய்முறையைக் கேட்டவர்களுக்கெல்லாம் அட்டையில் அச்சடித்து அனுப்பினார்கள். அதில் பயறு கிடையாது. டெக்ஸஸ் பாணிச் சில்லிப் போட்டிகளில் பயறு, மக்ரோனி, அரிசி கலந்த சட்டி விதிப்படி தள்ளுபடி. ஆன்றோர் வழக்கும் உண்டு, நூல் விதியும் உண்டு; இனி வாய் திறக்கலாமா?

திறக்கலாம். 1967-இல் டெர்லிங்குவா என்ற பாலைவனச் சிற்றூரில் நடந்த முதல் போட்டியை நினைத்துப் பார்க்க. டெக்ஸஸ் தரப்பில் விக் ஃபௌலர். எதிரே நியூயார்க்கிலிருந்து வந்த, பயறு போடும் கட்சிக்காரரான எழுத்தாளர் ஆலன் ஸ்மித். இரு நடுவர்கள் ஆளுக்கொரு பக்கம் சாய்ந்தார்கள். மூன்றாமவர் தம் நாக்கு செத்துவிட்டதென்று அறிவிக்க, போட்டி சமன். ஆக, மூல வழக்கிலேயே தீர்ப்பு இல்லை. தீர்ப்பில்லாத வழக்கை முன்மாதிரியாகக் காட்டுவது எந்த ஊர் நியாயம்?

இதைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு. நாம் இங்கே சமைக்கும் சட்டியில் இருப்பது மாடல்ல, கோழி. மாட்டை நீக்கிக் கோழியைப் போட்ட கணமே டெக்ஸஸ் எல்லையைத் தாண்டியாயிற்று. மாட்டுத் தசைநார் இரண்டு மூன்று மணி நேரம் வெந்து, கரைந்து, சாற்றுக்குக் கொழகொழப்பைத் தரும். கோழித்தொடை முக்கால் மணி நேரத்துக்குள் வெந்துவிடும். சாறு நீர்த்தே நிற்கும். அக்குறையை நிரப்புவது பயற்றின் மாவுச்சத்து. வெந்த ராஜ்மாவில் ஒரு கரண்டி எடுத்து மசித்துச் சட்டியில் விட்டுப் பார்த்தவர் பிறகு வாதாட மாட்டார்.

பயற்றைப் பச்சையாக அப்படியே சட்டியில் இட்டால் உடன் வேகும் என்பாரும் உளர். அது பொருந்தாது, ஆபத்தும்கூட. சிவப்பு ராஜ்மாவில் லெக்டின் என்ற நச்சுப் புரதம் உண்டு. இரவெல்லாம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் குறைந்தது 10 நிமிடமாவது தளதளவெனக் கொதிக்கவிட்டு, பிறகு குழைய வேகவைக்க வேண்டும். மெதுவாய்ச் சமைக்கும் மின்சட்டியின் இளஞ்சூடு இதற்குப் போதாது. அரைவேக்காட்டு ராஜ்மா வாந்தியில் கொண்டுபோய் விடும். தக்காளியும் பயறு வெந்தபின்தான். முன்னே போட்டால் அதன் புளிப்பு பயற்றின் தோலை இறுக்கிவிடும். அடுப்புதான் எரியும், பயறு வேகாது.

எனவே வெங்காயம், பூண்டு, மிளகாய்த்தூள், வறுத்துப் பொடித்த சீரகம் ஆகியவற்றை வதக்கி, கோழியைப் பிரட்டி, தக்காளி சேர்த்து, வெந்த பயற்றை அதன் நீரோடு ஊற்றிக் கொதிக்கவிடுக. சீரகத்தில் கஞ்சத்தனம் காட்டுபவரோடு நமக்கு வாதமில்லை, பரிதாபம்தான்.

புறனடை: டெக்ஸஸ்காரர் விருந்துக்கு வருவதாயின், சில்லி என்று சொல்லாமல் கோழிப் பயற்றுக் குழம்பு என்றே பரிமாறுக.