நாளொன்றுக்கு ஒரு டீ

இந்தியாவின் முன்னணி 500 நிறுவனங்களில், ஐந்தே ஆண்டுகளில், ஒரு கோடி இளைஞர்களுக்குப் பயிற்சி. 2024 ஜூலை பட்ஜெட்டில் பிரதமரின் இன்டர்ன்ஷிப் திட்டத்தை இப்படித்தான் அறிவித்தார்கள். முதல் சுற்றில் காட்டிய இடங்கள் சுமார் 1.27 லட்சம், போய்ச் சேர்ந்தவர்கள் 8,700 சொச்சம். இலை போட்டுப் பந்தி விரித்தாயிற்று, உட்காரத்தான் ஆளில்லை. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு உழைக்க உடம்பு வணங்கவில்லை என்று பெரியவர்கள் உச்சுக்கொட்டலாம். கொட்டுமுன் கணக்கைப் பார்ப்பது நல்லது. அந்தச் சுற்றில் மாத உதவித்தொகை 5,000 ரூபாய். அதில் அரசின் பங்கு 4,500. கோடிகளில் புரளும் நிறுவனத்தின் பங்கு 500, அதுவும் சமூகப் பொறுப்பு நிதியிலிருந்து. நாள் கணக்கில் பதினேழு ரூபாய்கூடத் தேறாது, ஒரு டீயோடு பொறுப்பு தீர்ந்தது. (பஜ்ஜி கேட்டால் பேராசை.)

இது சம்பளமல்ல, கற்றுக்கொள்ளக் கொடுக்கும் ஊக்கத்தொகை என்பார்கள். நியாயம்தான். ஆனால் வெளியூரில் அறை வாடகை வாங்குபவர் ஊக்கம், சம்பளம் என்று பிரித்துப் பார்ப்பதில்லை. அப்போதைய விதிப்படி, குடும்ப வருமானம் எட்டு லட்சத்துக்குள் இருந்தால்தான் விண்ணப்பிக்கவே முடியும். பன்னிரண்டு மாதம் வீட்டிலிருந்து பணம் வரவழைத்தால்தான் பயிற்சியை முடிக்க முடியும். ஏழையாகவும் இருக்க வேண்டும், ஏழையாக இல்லாமலும் இருக்க வேண்டும். இளைஞர்கள் சேராததற்கு அரசே பின்னர் சொன்ன காரணங்களும் தூரம், வேலையின் தன்மை, ஓராண்டு நீளம் என்பவைதான். சோம்பேறித்தனம் அந்தப் பட்டியலில் இல்லை.