டெஸ்ட் ஓடுது, தொடாதீங்க

தெருவிலேயே வேகமான கம்ப்யூட்டர் அவர் வீட்டில்தான். அதில் ஒரு ஹால் டிக்கெட்கூட எடுக்க முடியாது. டெஸ்ட் ஓடிக்கொண்டிருக்கும்.

பிராசஸரை அதற்கு விதித்த வேகத்துக்கு மேல் ஓட்டுகிற ஓவர்கிளாக் ஆசாமிகளைப் பொதுவாகத்தான் சொல்கிறேன், யாரையும் மனதில் வைத்துக்கொண்டு இல்லை. இந்த வகையினர் எல்லோருக்கும் வயது 46 இருக்கும். வேளச்சேரியில் இரண்டாவது மாடியில் குடியிருப்பார்கள். யாராவது ஒரு அப்பாவிக்கு மைத்துனராக இருப்பார்கள். மற்றபடி அடையாளம் எதுவும் கிடையாது.

காலை பத்து மணிக்கு ஏசி வகுப்புக்குத் தட்கல் திறக்கிறது. திருநெல்வேலிக்குப் போயே ஆகவேண்டும். நம் வீட்டு நெட் அன்றைக்கென்று படுத்துவிட்டது. ஒன்பதே முக்காலுக்கு மூச்சிரைக்க அவர் வீட்டு மாடி ஏறினால், கீபோர்டின் மேல் ஒரு துண்டு போர்த்தியிருக்கிறது. தெரியாமல்கூட யாரும் தட்டிவிடக் கூடாதாம்.

"மாமா, தொட்டுடாதீங்க. நேத்து ராத்திரி பதினோரு மணிக்குப் போட்டது. இன்னும் ஒரு மணி நேரம் தாங்கிட்டா ஸ்டேபிள்."

"எனக்குப் பத்தே நிமிஷம் போதும் மாப்ளே."

"நடுவுல வேற வேலை கொடுத்தா ரிசல்ட்டை எப்படி நம்பறது? உங்க போன்லயே போடுங்களேன், எங்க வைஃபை தர்றேன். போனே நல்ல வேகம்தானே?"

கிகாஹெர்ட்ஸ் கிகாஹெர்ட்ஸாகக் கூட்டிக்கொண்டே போகிற மனிதர், போனே போதும் என்கிறார்.

என்னதான் டெஸ்ட் என்று கேட்டுவிடாதீர்கள், சொல்லிவிடுவார். நான் கேட்டுத் தொலைத்தேன். பிரைம்95 என்று ஒரு மென்பொருள். 1996-லிருந்து உலகெங்கும் இருக்கிற ஆர்வலர்கள் தங்கள் கம்ப்யூட்டர்களை இணைத்துப் பிரம்மாண்டமான பகா எண்களைத் தேடுகிறார்களே, அந்தத் தேடலுக்காக எழுதப்பட்டது. விடை ஏற்கெனவே தெரிந்த கணக்குகளை ஓயாமல் போடவைத்து, ஒரு இலக்கம் பிசகினாலும் காட்டிக்கொடுக்கும். பிராசஸரைச் சித்திரவதை செய்வதற்கென்றே அதில் தனி வசதி உண்டு. வீட்டில் இருப்பவர்களுக்கும் அது சேர்த்தே வேலை செய்கிறது. ராத்திரி முழுக்க அந்த விசிறிச் சத்தத்தில்தான் எல்லோரும் தூங்கவேண்டும். காலையில் எழுந்து பார்த்தால் எட்டு கோரில் ஒரு கோர் மட்டும் விடிகாலையில் ஒரு கணக்கைத் தப்பாகப் போட்டிருக்கும். அவ்வளவுதான். அன்றைக்கு அவர் யாரோடும் முகம் கொடுத்துப் பேசமாட்டார். வோல்டேஜை 0.01 கூட்டிவிட்டு மறுபடியும் துண்டைப் போர்த்துவார்.

இதற்கு ஒரு நோட்டு வைத்திருக்கிறார். கோடு போட்ட லாங் சைஸ் நோட்டு. மல்டிபிளையர், வோல்டேஜ், உச்ச வெப்பம், முடிவு என்று ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டிருக்கிறார். "45 – 1.26 – 87 – 3 மணி 40 நிமிஷத்தில் பெயில்." பெயில் மட்டும் சிவப்பு மை. அதற்கு நேர் கீழே வேறொரு கையெழுத்தில் "பால் 2 பாக்கெட், பாக்கி 14 ரூபாய்" என்று இருக்கும். அவர் மனைவி அந்த நோட்டை மதிப்பது அந்த அளவுக்கு.

அவர் காதுபட, "புதுசா கம்ப்யூட்டர் வாங்கியிருக்கேன்" என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. கல்யாணப் பத்திரிகை வைக்க வந்த ஒருவர் சொல்லிவிட்டார். தாம்பூலத் தட்டு கையில் இருக்கும்போதே பாடம் ஆரம்பமாகிவிட்டது.

"பேஸ் கிளாக் நூறு மெகாஹெர்ட்ஸ் சார். மல்டிபிளையர் நாப்பது. பெருக்கினா நாலு கிகாஹெர்ட்ஸ். நீங்க என்ன பண்றீங்க, பயாஸுக்குள்ள போய் நாப்பதை நாப்பத்தொண்ணு ஆக்குறீங்க. விண்டோஸ் எழுந்திருச்சுதா? டெஸ்ட் போடுங்க. தாங்குச்சா? நாப்பத்திரெண்டு. டெஸ்ட். எங்க நீலத் திரை வருதோ அங்க வோல்டேஜை ஒரு பொட்டு கூட்டணும். ஒரு பொட்டுதான். மறுபடி டெஸ்ட். ஒரு நேரத்துல ஒண்ணைத்தான் மாத்தணும், ரெண்டை மாத்தினா எது கவுத்துச்சுன்னே தெரியாது."

வந்தவருக்கு இன்னும் மூன்று வீடு பாக்கி. மாப்பிள்ளை வீட்டார் வேறு கீழே காரில் காத்திருக்கிறார்கள். இன்டெல்லில் பெயர் 'கே' என்று முடிகிற பிராசஸரும் 'இசட்' வரிசை மதர்போர்டும் இருந்தால்தான் மல்டிபிளையர் பூட்டு திறக்கும், ஏஎம்டியின் ரைசனில் அவ்வளவு கெடுபிடி இல்லை என்பது வரைக்கும் வந்துவிட்ட பிறகுதான் இவர் கேட்டார்: "உங்களது எந்த போர்டு?" அவர் வாங்கியது லேப்டாப்.

பாடத்தில் தப்பில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும். இவ்வளவு நிதானமும் பொறுமையும் உள்ள மனிதரை வேறெந்த வேலையிலும் நான் பார்த்ததில்லை, அவரையும் சேர்த்து.

ஆனால் இத்தனையும் எதற்கு? 4.0 கிகாஹெர்ட்ஸ் 4.4 ஆனால் பத்து சதவீதம். பத்து நிமிஷம் பிடிக்கிற வேலை ஒன்பது நிமிஷத்துச் சொச்சத்தில் முடியும், அதுவும் பிராசஸரை மட்டுமே நம்பிய வேலையாக இருந்தால். கேமில் பெரும்பாலும் கிராஃபிக்ஸ் கார்டுதான் முட்டுக்கட்டை. டிக்கெட்டுக்கு நெட். வேர்டில் லெட்டர் அடிப்பதற்கு நம் விரல். இவரிடமோ பத்து நிமிஷம் பிடிக்கிற வேலையே கிடையாது. ஒரே ஒரு கேம் வாங்கினார். அதற்குள் இருந்த பெஞ்ச்மார்க்கை மட்டும் ஓட்டிப் பார்த்து, எண்ணைக் குறித்துக்கொண்டு மூடிவிட்டார். அந்தக் கதாநாயகன் இன்னும் முதல் லெவல் வாசலில்தான் நிற்கிறான்.

ஒரு காலத்தில் இதில் நிஜமாகவே காசு மிச்சமானது. 1998-ல் செலரான் 300ஏ வந்தது. பஸ் வேகத்தை 66 மெகாஹெர்ட்ஸிலிருந்து 100 ஆக்கினால் 300 மெகாஹெர்ட்ஸ் பிராசஸர் 450-ல் ஓடும். அன்றைக்குப் பென்டியம் டூவின் உச்ச மாடலே 450தான், விலையோ பல மடங்கு. ரிச்சி தெருவில் அந்த செலரானை வாங்கிக்கொண்டு பஸ்ஸில் சட்டைப் பையைப் பிடித்தபடியே வந்த கதையை இவர் சொல்லும்போது கேட்கவேண்டும். அதற்கடுத்து ஏஎம்டியின் அத்லான், டியூரான். பிராசஸரின் மேற்பரப்பில் வெட்டுப்பட்டிருந்த சின்னஞ்சிறு இணைப்புகளைப் பென்சிலால் கோடு போட்டுச் சேர்த்தால் மல்டிபிளையர் பூட்டு திறந்துகொண்டது. பென்சிலில் இருக்கிற கிராஃபைட்டில் மின்சாரம் பாயும், சூட்சுமம் அவ்வளவுதான். அந்தப் பென்சில் துண்டை இன்னும் ஜியாமெட்ரி பாக்ஸில் வைத்திருக்கிறார். அதை எடுத்துக் காட்டும்போது எனக்கு அவர்மேல் கோபம் வருவதில்லை.

கோபம் வருவது மே மாதத்தில்.

வேகத்தைக் கூட்டினால் சூடும் கூடும். வோல்டேஜைக் கூட்டினால் அதன் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். இரண்டையும் பத்துப் பத்து சதவீதம் ஏற்றினால் பிராசஸர் இழுக்கிற மின்சாரம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு எகிறிவிடும். அத்தனையும் ஹாலுக்குள்ளேதான் இறங்கவேண்டும். காற்றில் குளிரவைக்கிற கூலர் எதுவும், எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும், பிராசஸரை அறையின் வெப்பத்துக்குக் கீழே இறக்காது. உலக சாதனைக்காரர்கள் திரவ நைட்ரஜனும் திரவ ஹீலியமும் ஊற்றி 9 கிகாஹெர்ட்ஸைத் தாண்டுகிறார்கள். அவர்கள் அறையில் கத்திரி வெயில் அடிப்பதில்லை. நம்மாள் கேபினட்டின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி வைத்துவிட்டு, டேபிள் ஃபேனைத் திருப்பி உள்ளே ஊதவிடுகிறார். திரையின் மூலையில் டிகிரி ஓடுகிறது. ஐசியு மானிட்டரைப் பார்ப்பதைப் போல அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

"ஃபேனை இந்தப் பக்கம் திருப்புடா."

"இரும்மா, 78 தொட்டுடுச்சு."

"எனக்கும் அடுத்த மாசம் 78தாண்டா."

பொதுவாக இந்த வகையினரின் அம்மா, அதாவது என் மாமியார், பனையோலை விசிறியோடு பால்கனிக்கு நாற்காலியை இழுத்துக்கொண்டு போய்விடுகிறார். இதை நான் சிரிப்புக்காகச் சொல்லவில்லை. அந்த ஃபேன் அந்தம்மாவுக்காக வாங்கியது. நான்தான் வாங்கிக்கொடுத்தேன். பெரிய கூலர் வாங்கக் காசு இருக்கிறது, அதற்குப் பூச வெளிநாட்டுப் பேஸ்ட் வாங்கக் காசு இருக்கிறது, 400 வாட் கூடுதலாக ஒரு பவர் சப்ளை வாங்கக் காசு இருக்கிறது. இன்னொரு ஃபேன் வாங்க இல்லையா? டல்லஸில் இருக்கிற பேத்தியோடு ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் பேசுவதுதான் அந்தம்மாவுக்கு வாரத்தில் ஒரே சந்தோஷம். குழந்தை பாட ஆரம்பித்த நேரம் பார்த்துத் திரை நீலமாகிறது. இவர் என்னவென்றால், "ஐடில்ல தாங்குது, லோடு மாறும்போதுதான் விழுது, நல்லவேளை இப்பவே தெரிஞ்சுது" என்று சந்தோஷப்படுகிறார்.

இப்போது அவருக்கும் கஷ்டகாலம்தான். புது பிராசஸர்கள் வேலை வந்தால் தாமே வேகத்தை ஏற்றிக்கொள்கின்றன, சூடானால் தாமே இறக்கிக்கொள்கின்றன. தாங்குகிற எல்லைக்குப் பக்கம்வரை கம்பெனிக்காரனே கொண்டுபோய் நிறுத்திவிடுகிறான். 2011-ல் ஐ5-2500கே என்ற சில்லை 3.3-லிருந்து 4.5-க்குச் சாதாரண கூலரிலேயே கொண்டுபோனவர்களுக்கு, இன்றைக்கு மிச்சம் இருக்கிற இடைவெளி ரொம்பச் சொற்பம். ஆகவே விட்டுவிட்டார் என்று நினைத்தேன். இல்லை, இப்போது வோல்டேஜைக் குறைக்கிறார். அதே வேகம், குறைந்த சூடு. நல்ல காரியம்தான், ஃபேனும் திரும்பியிருக்கிறது. ஆனால் குறைத்தாலும் ஸ்டேபிளா என்று பார்க்கவேண்டுமாம். நோட்டு புதிது, கட்டம் பழையது, துண்டு அதேதான்.

போன வாரம் வில்லங்கச் சான்று பிரின்ட் எடுக்க முனை ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். வரிசையில் எனக்கு முன்னால் மாப்ளே, கையில் பென் டிரைவோடு. என்னைப் பார்த்தும் கூச்சப்படவில்லை. கடைக்காரரின் கம்ப்யூட்டர் தூசி படிந்து, பவர் பட்டன் பிய்ந்து, ஒரு ஸ்க்ரூ டிரைவரால் தொட்டுத் தொட்டு உயிர்ப்பிக்கப்படுகிற ஜாதி. இவர் கவுண்டரில் சாய்ந்து எட்டிப் பார்த்தார்.

"அண்ணே, இது என்ன பிராசஸர்? பயாஸுக்குள்ள எப்பவாவது போயிருக்கீங்களா?"

கடைக்காரர் நிமிரவேயில்லை. "பிளாக் அண்ட் ஒயிட் அஞ்சு ரூபா, கலர் பத்து. பென் டிரைவ்ல வைரஸ் இல்லையே?"