சங்கிலி போட்ட விருந்தாளி

அக்கினி நட்சத்திரம் மே 4-ஆம் தேதி பிறந்து 28 வாக்கில் விலகும் என்கிறது பஞ்சாங்கம். புதுச்சேரியில் தட்டாஞ்சாவடித் தொழிற்பேட்டைப் பக்கம் குடியிருக்கும் எங்களுக்கு அந்தக் கணக்கில் நம்பிக்கை கிடையாது. இங்கே வெயில் மார்ச்சிலேயே வாடகைக்கு வந்துவிடும். ஆகஸ்ட் வரை காலி செய்யாது. ஊரில் தேர், தீமிதி, கூழ் எல்லாம் வரிசை கட்டுவதும் அப்போதுதான். அத்தனைக்கும் மணியையும் கூட்டிப் போக வேண்டும் என்பது என் மகள் போட்ட சட்டம்.

மணி லாப்ரடார். அவன் முன்னோர்கள் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில், உறையும் தண்ணீரில் மீனவர்களுக்கு வலை இழுத்தவர்களாம். ராஜபாளையம் வாங்கியிருக்கலாம். 2005-இல் அஞ்சல்தலையிலேயே இடம்பிடித்த நாய், வெயிலுக்கும் பழகியது. ஆனால் ஒருவரையும் கிட்ட விடாது. மணியோ பிக்பாக்கெட்காரனுக்கும் கை கொடுப்பான்.

நாய்க்குப் பாதத்தில் மட்டும்தான் வியர்க்கும். மிச்ச உஷ்ணமெல்லாம் நாக்கு வழியாகத்தான் போக வேண்டும். அதனால் கிளம்பும் முன் புறங்கையைத் தார்ச்சாலையில் வைத்துப் பார்ப்பேன். ஏழு விநாடி தாங்கினால் நாய் நடக்கலாம். நட்ட நடு ரோட்டில் குந்தித் தரையைத் தொட்டுக் கும்பிடும் என்னைப் பார்த்து, "என்ன வேண்டுதல்ண்ணே?" என்று கேட்காதவர் தெருவில் இல்லை.

வைகாசியில் வில்லியனூர்த் தேர். பிரெஞ்சுக்காரர் காலத்தில் கவர்னர் வந்து வடம் பிடிப்பார். அந்த வழக்கப்படி இன்று துணைநிலை ஆளுநர் வருகிறார். ஊரே சேர்ந்து ஒரு வடத்தைப் பிடித்துத் தேரை இழுத்தது. நான் பிடித்த வடம் என்னை இழுத்தது. அது போன திசையில் ஜிலேபிக் கடை இருந்தது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

தட்டாஞ்சாவடி, பின்னாளில் முதலமைச்சரான ரங்கசாமியை 1991-இல் முதன்முதலாகச் சட்டமன்றத்துக்கு அனுப்பிய தொகுதி. முதலமைச்சர் நின்று ஜெயித்த தொகுதியில் நீர்மோர்ப் பந்தலுக்குப் பஞ்சம் வருமா? மூலைக்கு ஒன்று, கட்சிக்கு ஒன்று. மணி கட்சி பேதம் பார்ப்பதில்லை. எல்லாப் பந்தலிலும் நாக்கை நீட்டுவான், எல்லாக் கொடிக்கம்பத்திலும் காலைத் தூக்குவான். முதலாவதற்குச் சிரிப்பார்கள். இரண்டாவதற்கு என்னிடம், "தம்பி எந்தக் கட்சி?" என்பார்கள்.

ஆடியில் அம்மன் கோயில் கூழ். அண்டாவுக்கு எதிரே எங்கள் தெரு நாய் முன்னங்காலை நீட்டிப் படுத்திருந்தது, பந்திக்கு முதலில் வந்த பெரியவர் தோரணையில். கூழ் ஊற்றிய ஆயா மணிக்கும் ஒரு தொன்னை நீட்டினார். உள்ளே சின்ன வெங்காயம் மிதந்தது. வெங்காயம் நாயின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும், ரத்தசோகை வரும் என்று நான் விளக்க ஆரம்பித்தேன். ஆயா பொறுமையாகக் கேட்டார்.

"எங்க கறுப்பன் வருஷா வருஷம் குடிக்குது தம்பி. கல்லு மாதிரி இருக்குது. ஒண்ணும் குடிக்காத உன் நாய்தான் நாக்கத் தொங்கப் போட்டுக்கினு நிக்குது."

மருத்துவம் என் பக்கம்தான். கூட்டம் ஆயா பக்கம்.

ஆடி பிறப்பதற்கு முந்தியே, ஜூலை 14, பிரெஞ்சு தேசிய நாள். பிரான்சுக்கு வெளியே அதைக் கொண்டாட எங்களுக்கும் ஒரு காரணம் இருக்கிறது: முன்னாள் பிரெஞ்சுப் படைவீரர்களும் அவர்கள் குடும்பங்களும் இன்னும் இங்கே இருக்கிறார்கள். கடற்கரைச் சாலைப் போர் நினைவுச் சின்னத்தில் மலர்வளையம், இரண்டு நாட்டுக்கும் தேசிய கீதம், மார்பில் பதக்கங்கள் மின்ன வயதான சிப்பாய்கள். நல்ல கடற்காற்றும் அடித்தது. மணியைக் குளிப்பாட்டி, சீவி, புதுக் கழுத்துப்பட்டை மாட்டி முன்வரிசையில் நிறுத்தியிருந்தேன்.

சிவப்புத் தொப்பிப் போலீஸ்காரர் வந்தார். "சார், நாயக் கூட்டிக்கினு அந்தாண்ட போய் நில்லுங்க. இங்க நாய்லாம் கூடாது."

நான் கை காட்டினேன். மலர்வளையத்துக்கும் சிப்பாய்களுக்கும் நடுவே, காது கடிபட்ட செவலை ஒன்று கால் மேல் கால் போட்டுப் படுத்திருந்தது.

"அதுங்களா?" என்றார். "அது வருஷா வருஷம் வர்றதுதான் சார்."