இதழியல் சொல்லதிகாரம்

அஃதாவது, இதழியலில் பட்டம் பெற்றோர் பின்னர் யாது ஆவர் என்பதைச் சொல்லிலக்கணத்தின் வழி ஆராய்தல். சென்னைப் பல்கலைக்கழகம் 1947 முதல் இப்பாடத்தைக் கற்பித்து வருகிறது. ஆயினும், "படிச்சு முடிச்சா எந்த டி.வி.யில வருவே?" என்று கல்யாண வீடுதோறும் பெரியப்பாமார் எழுப்பும் கடாவுக்கு இன்றுவரை நூற்பா இல்லை. அக்குறை தீர்க்கவே இது எழுந்தது.

சொல் நான்கு; இவரும் நால்வர்.

பெயர்ச்சொல் வேற்றுமை ஏற்கும், காலம் காட்டாது. நெறியாளர் இவ்வினம். நேற்று ஒரு சேனல், இன்று மற்றொன்று. உருபு மாறும், பெயர் நிற்கும். காலம் காட்டாமையாவது, வாக்கு எண்ணும் நாளில் காலையில் இட்ட பவுடர் இரவிலும் கலையாதிருத்தல்.

வினைச்சொல் காலம் காட்டும். நிருபர் காட்டியே தீரவேண்டும். பதிப்பு முடியுமுன் வந்தால் செய்தி நிகழ்காலம், முடிந்தபின் வந்தால் இறந்தகாலம். எதிர்காலம் அமைச்சரின் நிகழ்ச்சி நிரலில் அச்சாகியே வந்துவிடும். முக்கியமானதை முதல் பத்தியில் வை, இடம் போதாவிட்டால் அடியிலிருந்து வெட்டுவார்கள் என்னும் தலைகீழ்ப் பிரமிடு விதியை இவர் வகுப்பில் கற்றவர். காதல் கடிதமும் அம்முறையிலேயே எழுதுவர் என்பார் உரையாசிரியர். (உரையாசிரியர் யானே.)

எச்சம் இருவகை. 'எழுதிய' என்பதோடு நின்று, பெயருக்காகக் காத்திருப்பவர் செய்திக்கு இவ்வளவு என்று கூலி பெறும் பகுதிநேர நிருபர். அவர் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் 'நமது நிருபர்' என்றிருக்கும். இது பெயரெச்சம். கதை பண்ணி, தயாரிப்பாளரைப் பார்த்து, மறுபடி பார்த்து என முற்றுப்பெறாது நீள்பவர் விஸ்காம் முடித்த உதவி இயக்குநர். இது வினையெச்சம்.

இனி உரிச்சொல். இடையை விடுத்து உரியை முன்வைத்தது என்னை எனின், இடையிற் சொல்லவேண்டியது மிகுதி ஆகலின். சால, உறு, தவ, நனி என உருவம் பல, பொருள் ஒன்றே. நிறுவனங்களின் மக்கள் தொடர்பாளர் அனுப்பும் அறிக்கைகளும் அவ்வாறே.

இடைச்சொல் தனித்து நில்லாது. டெஸ்க்கில் இருக்கும் உதவி ஆசிரியர் இவ்வினம். நள்ளிரவில் நிருபரை எழுப்பி, "அண்ணே, செத்தவர் பேரு முருகேசனா, முருகேசுவா?" என்பார். "ரெண்டுல ஒண்ணு போடுப்பா" என்று விடை வரும். ஒன்றைப் போட மனம் வராமல் காவல் நிலையத்துக்குப் போன் செய்வாரே, அவர் பொருட்டே இந்நூல் என்று கொண்டாலும் குற்றமில்லை. அவர் திருத்திய நூறு பிழையை எவரும் அறியார். தப்பிய ஒன்றை ஊரே அறியும்.

'பட்டம் பெறாத இடையும் உண்டோ?' எனின், உண்டு. 1904-இல் சுதேசமித்திரனில் உதவி ஆசிரியராகச் சேர்ந்து, ஆங்கிலச் செய்திகளைத் தமிழாக்கிய பாரதி. அவர் காலத்தில் இப்பட்டமே இந்நாட்டில் இல்லை. ஆகவே புறனடை.

பட்டம் இதழியலில், வேலை காப்பீட்டில் என்றிருப்போர் அன்மொழித்தொகை. பொருள் சொல்லுக்கு வெளியே நிற்கும்.

அற்றேல், பெரியப்பாவுக்கு விடை யாது? செய்தி சேனல் டெஸ்க்கில் சேர்ந்த பெண் ஒருத்தி சொன்னாள்: "டி.வி.யில கீழே எழுத்து ஓடுது பாருங்க பெரியப்பா, அதை எழுதுறேன்."

"அதையெல்லாம் ஆளா எழுதுறாங்க?" என்றார் அவர்.