வணக்கம் வைத்தால் காப்பி மலிவு

பாரிஸில் பர்ஸை மறந்து கடைக்குப் போனால்கூடப் பிழைத்துக்கொள்ளலாம். எங்கள் தெரு ரொட்டிக்கடை மதாம், 'நாளைக்குத் தாருங்கள்' என்று விட்டுவிடுவார். 'போன்ஜூர்' சொல்லாமல் ரொட்டி கேட்டவரை மட்டும் விடமாட்டார். கேட்டதே காதில் விழாதவர்போல நின்று, நிதானமாக, "போன்ஜூர், முசியே" என்பார். வணக்கம் போலத்தான் ஒலிக்கும். வாங்கிப் பார்த்தால் சம்மன். பதில் வணக்கம் வைத்த பிறகே ரொட்டி அடுக்கைவிட்டு இறங்கும்.

நீஸ் நகரத்தில் 'பெத்தித் சிரா' என்ற காப்பிக்கடையில் 2013இல் இதற்கு விலைப்பட்டியலே எழுதி வைத்தார்கள். வெறுமனே 'ஒரு காப்பி' என்றால் 7 யூரோ. 'தயவுசெய்து' சேர்த்தால் 4.25. முன்னால் போன்ஜூரும் இருந்தால் 1.40. வேடிக்கைக்கு எழுதியதுதான். ஆனாலும் ஊரே ரசித்தது.

அதற்காக அள்ளி இறைக்கவும் கூடாது. ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு போன்ஜூர்தான். காலையில் சொன்னவருக்கே மத்தியானமும் சொன்னால், 'காலையில் என்னைக் கவனிக்கவே இல்லையா?' என்று முகம் சுருங்கிவிடும். அலுவலகத்தில் யாருக்குச் சொன்னேன், யாருக்குப் பாக்கி என்று மளிகைக்கடைப் பற்றுக்கணக்கு மாதிரி மனதுக்குள் எழுதிக்கொண்டே திரிகிறேன்.

போன்ஜூரோடு சேர்ந்து வரும், கன்னத்தோடு கன்னம் வைக்கும் முத்தம் பாரிஸில் இரண்டு, மோன்பெலியே பக்கம் மூன்று. கூச்சமுள்ளவர்கள் கையை நீட்டித் தப்பிக்கலாம்.

'நீ' என்னும் 'தூ'வா, 'நீங்கள்' என்னும் 'வூ'வா என்பதில் தப்பிக்க வழியில்லை. நமக்கு நீ, நீங்கள் புதிதில்லை; வயதைப் பார்த்துச் சமாளித்துவிடுவோம். இங்கே வயது மட்டும் போதாது. பிரெஞ்சுப் புரட்சிக்காரர்கள் 1793இல், அரசு அலுவலகங்களில் எல்லோருக்கும் 'தூ'தான் என்று ஆணையே போட்டார்கள். அதே வருஷம் வெட்டிய அரசன் தலை போனது போனதுதான். 'வூ' மட்டும் திரும்ப முளைத்துவிட்டது. அதிபராக இருந்த ழாக் சிராக், கட்டிய மனைவியையே 'வூ' போட்டுத்தான் பேசினார். 2018இல் ஒரு பையன் அதிபர் மக்ரோனை 'மனு' என்று செல்லமாகக் கூப்பிட்டு, 'முசியே (ஐயா) என்று கூப்பிடு' என்று அவரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டான். அந்த மரியாதைப் பாடத்தை மக்ரோன் நடத்தியது 'தூ' போட்டு! நம் ஊர் வாத்தியார்கள் தோற்றார்கள்.

பிரான்ஸுக்கு வருகிறவர்கள் இலக்கணத்துக்குப் பயப்படவேண்டாம். கடையோ, லிஃப்டோ, டாக்டரிடம் காத்திருக்கும் அறையோ, நுழைந்தவுடன் எல்லோருக்கும் கேட்கும்படி ஒரு போன்ஜூர் போடுங்கள். சந்தேகம் வந்தால் 'வூ'. மீதியை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.