உயிர் காலேஜா, செத்த காலேஜா?

வா மாப்ளே, உக்காரு. ஹால்ல ஆறடிக்கு மீன் தொட்டி வெச்சிட்டியாமே! உங்கம்மா போன்ல சொன்னப்போ எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. நம்ம வம்சத்துல ஏரி வெட்டினவன் யாரும் கெடையாது. இருந்த குட்டையைத் தூத்து மனை போட்டவன் ஒருத்தன் உண்டு, பேரு வேணாம், பொங்கலுக்கு அவன் வீட்லதான் சாப்புட்டே. மூணாவது மாடியில ஏரி வெட்டின மொத ஆளு நீதான்.

அதுவும் தி.நகர்ல. நீ குடியிருக்கிற எடமே ஏரிதாண்டா. நுங்கம்பாக்கத்துலேருந்து சைதாப்பேட்டைப் பக்கம் வரைக்கும் நீளமாக் கெடந்த ஏரியை 1920-கள்ல வத்த வெச்சுதான் தி.நகர்னு ஒண்ணை உண்டாக்கினாங்க. இன்னைக்கும் நுங்கம்பாக்கத்துல லேக் ஏரியான்னு ஒரு எடம், மேற்கு மாம்பலத்துல லேக் வியூ ரோடுன்னு ஒரு தெரு. வியூ இருக்கு, லேக்தான் இல்ல. அந்தக் கடனை நீ ஒத்தை ஆளா அடைக்கக் கெளம்பிட்டே. தங்கமான புள்ளை.

கணக்குப் பாத்தியா? ஆறுக்கு ரெண்டுக்கு ரெண்டு, 24 கன அடி. கன அடிக்கு 28 லிட்டர் சொச்சம். ஆக 680 லிட்டர். தண்ணி மட்டும் 680 கிலோ. கண்ணாடி, ஸ்டாண்டு, கீழ பரப்பின கல்லு எல்லாம் சேத்தா ரெண்டு எருமை. ரெண்டு எருமையை மூணாவது மாடியில கட்டறதுக்கு முந்தி ஒரு எஞ்சினியரைக் கேட்டியா? எங்க கேப்பே, நீயே எஞ்சினியரு, கம்ப்யூட்டருக்கு. நடு ஹால்ல அழகாத்தான் இருக்கும். இருந்தாலும் அடியில பீம் ஓடற சுவரோரமாத் தள்ளி வை. கீழ் வீட்டுக்காரரு நல்ல மனுசன்.

போன வாரம் பத்துத் தங்கமீனு வாங்கினியாம், அஞ்சே நாள்ல பத்தும் மல்லாந்துடுச்சாம். கடைக்காரனைத் திட்டறியாமே? அவன் மீனைத்தானே வித்தான், ஆயுசையுமா வித்தான்?

அந்தக் காலத்துல எங்க பக்கத்துலேருந்து மெட்ராஸ் பாக்க வந்தவங்க ரெண்டு காலேஜைப் பாக்காமத் திரும்ப மாட்டாங்க. சென்ட்ரல் பக்கத்துல இருந்த மிருகக்காட்சி சாலை உயிர் காலேஜ். எழும்பூர் மியூசியம் செத்த காலேஜ். படிக்காத சனம் வெச்ச பேருதான், படிச்சவனால இன்னைக்கு வரைக்கும் மாத்த முடியல. அந்த மியூசியத்தைப் பாத்துக்கிட்ட தர்ஸ்டன் தொரையோட யோசனையில, 1909-ல மெரினா கடக்கரையில மீன் காட்சிசாலை ஒண்ணு தொறந்தாங்க. மொதல்ல அது மியூசியத்துப் பொறுப்புலதான் இருந்துச்சு. அதாவது, உசுரோட நீந்தற மீனுக்கெல்லாம் செத்த காலேஜ்ல அட்மிஷன்! அப்புறம்தான் மீன் துறை கைக்குப் போச்சு. உன் தொட்டி நெலமையும் இப்ப அதுதான். எந்தக் காலேஜுன்னு ஃபில்டருதான் தீர்ப்பு சொல்லணும்.

நான் இப்ப மக வீட்ல இருக்கிறது மயிலாப்பூரு. அங்க ஃபில்டர்னா காப்பி ஃபில்டருதான். மேல பொடி, கீழ டிகாக்‌ஷன், சக்கை தங்கிடும். நீயும் அதையேதான் நெனச்சு, பஞ்சு வெச்ச டப்பா ஒண்ணை வாங்கி மூலையில ஒட்டிட்டே. கண்ணுக்குத் தெரியற சக்கை மீனைக் கொல்லாது மாப்ளே. உன் தொட்டித் தண்ணி பளிங்கு மாதிரிதான் இருந்துச்சு. மீனும் பளிங்கு மாதிரித் தண்ணியிலதான் செத்துச்சு. கொன்னது அமோனியா. மீனு செவுள் வழியாவே அதை விட்டுக்கிட்டு இருக்கும். மிஞ்சின தீனி அழுகினாலும் அதேதான்.

வயல்ல யூரியா போடறோமே, அது அமோனியாவாகி, மண்ணுல இருக்கிற கிருமி அதை நைட்ரைட்டா மாத்தி, இன்னொரு கிருமி நைட்ரேட்டா மாத்தும். வேளாண்மை ஆபீசரு களத்து மேட்டுல குந்தவெச்சு எங்களுக்குச் சொன்ன பாடம். உன் ஃபில்டர்ல நடக்கறதும் அச்சா அதுவேதான். பீங்கான் வளையம்னு விக்கறானே, அது அந்தக் கிருமிக்குக் கட்டிக் குடுக்கிற வீடு. வளையத்துல எவ்வளவு பொத்தல் இருக்கோ அவ்வளவு குடித்தனம். தி.நகர்ல ஒண்டுக் குடித்தனம் பாத்தவனுக்கு இதை நான் வெளக்கணுமா? தண்ணி மொதல்ல முரட்டுப் பஞ்சு, அப்புறம் மெல்லிசுப் பஞ்சு, அதுக்கப்புறம் வளையம்னு போகணும். சக்கையோட வளையத்துக்குப் போனா பொத்தல் அடைச்சுக்கும், குடித்தனம் காலி. கடைக்காரன் கரி வேணும்பான். மருந்து போட்டா அப்புறம் அதை உறிஞ்சி எடுக்கக் கரி நல்லதுதான். மத்தபடி சில வாரத்துலயே அது சத்து தீந்து சும்மா கெடக்கும். அந்த எடத்துல இன்னும் நாலு பிடி வளையம் போடு.

கிருமி குடியேற நாலுலேருந்து ஆறு வாரம் ஆகும். நாத்து நடறதுக்கு முந்தி சேத்துல தழையை மிதிச்சு மக்க விடறமில்ல, அந்த மாதிரி. தொட்டியை ஓட விட்டு, தெனம் ஒரு சிட்டிகை தீனி மட்டும் போட்டுட்டு, வேடிக்கை பாரு. வந்தவன் போனவன் எல்லாம் “எங்கடா மீனு?”ம்பான். “வந்துக்கிட்டே இருக்கு”ன்னு சொல்லு. அவசரம்னா, நல்லா ஓடற தொட்டி வெச்சிருக்கிறவன்கிட்ட அழுக்குப் பஞ்சு ஒண்ணு கேளு. பாத்து கேளு, பைத்தியம்னு நெனப்பான்.

அப்புறம் தீவாளிக்கு வீடு கழுவற வேகத்துல ஃபில்டரையும் தூக்கிக் கொழாயடியில வெச்சுக் கழுவிடாதீங்க. மெட்ரோ தண்ணியில குளோரின் இருக்கு. மனுசனுக்குக் காலரா வராம இருக்கக் கிருமியைக் கொல்லப் போட்டது, இந்தக் கிருமியை மட்டும் மச்சான்னு விட்டுடுமா? தொட்டியிலேருந்து எடுத்த பழைய தண்ணியிலயே பஞ்சை நாலு பெழி பெழிஞ்சாப் போதும். புதுத் தண்ணி ஊத்தறப்போ குளோரின் முறிக்கிற மருந்தும் சேத்துக்க. வாரத்துக்குக் கால் பங்கு தண்ணியை மாத்தித்தான் ஆகணும், ஏன்னா கடைசியா நிக்கிற நைட்ரேட்டை எந்த ஃபில்டரும் பெருசா எடுக்காது. எடுத்த தண்ணியை மொட்டை மாடித் துளசிக்கும் கறிவேப்பிலைக்கும் ஊத்து. ஆறே மாசத்துல உங்க வீட்டு ரசம் தெருவுக்கே மணக்கும்.

சரி, மோட்டருக்கு வருவோம். நீ பொட்டியைத் தூக்கிக் காட்டினியே, “மாமா, மணிக்கு 3000 லிட்டர்!”னு. எனக்குச் சிரிப்பு தாங்கல. ஊர்ல மோட்டர் வாங்கறவன் “எவ்வளவு ஊத்தும்?”னு மட்டுமா கேப்பான்? “எத்தனை அடிக்குத் தூக்கும்?”னு கேப்பான். எழுத்து தெரியாத எங்க முத்தாத்தாவுக்குத் தெரிஞ்சது, ஏழு வருசம் படிச்ச உனக்குத் தெரியல பாரு. அந்த 3000, தூக்கவே வேணாம்னா. அதே பொட்டியில ஓரமா, பொடி எழுத்துல, அதிகபட்ச ஏத்தம் 2.5 மீட்டர்னு போட்டிருப்பான். அந்த ஒசரத்துல ஒரு சொட்டு வராது. பாதி ஒசரத்துல ஏறக்குறையப் பாதி. உன் ஸ்டாண்டுக்கு அடியிலேருந்து தொட்டி விளிம்பு நாலடி, அதாவது 1.2 மீட்டர். ஆக, உன் 3000 மேல வந்து சேர்றப்போ 1500. நடுவுல ரெண்டு எல்போ, ஒரு வளைவு, கொஞ்சம் பாசின்னா இன்னும் கொறையும்.

உனக்கு வேணுங்கிறது என்ன? மொத்தத் தண்ணியும் மணிக்கு நாலஞ்சு தடவை ஃபில்டருக்குள்ள போய் வரணும். அஞ்சுன்னு வை, 3400 லிட்டர். பொட்டியில 6000-ன்னு போட்டு, ஏத்தம் 3 மீட்டருக்கு மேல காட்டறதா வாங்கு. அதிகமாயிடுச்சுன்னா வெளிய போற பக்கத்துல ஒரு வால்வு வெச்சுத் திருகிக்க. உறிஞ்சற பக்கத்துல திருகாதே, மோட்டர் மூச்சு முட்டிச் செத்துப் போகும்.

எந்த மாதிரி ஃபில்டருங்கிறியா? இம்மாம் பெரிய தொட்டிக்கு சம்ப் வெச்சுக்க. சம்ப்புன்னா மெட்ராஸ்காரனுக்கு வாத்தியார் வேணாம். உங்க அபார்ட்மென்ட்டுல கீழ சம்ப், மேல டேங்க், நடுவுல மோட்டர், மோட்டரை நிறுத்த மறந்து தூங்கற வாட்ச்மேன். மீனுக்கும் அதே ஏற்பாடுதான். தொட்டியிலேருந்து வழிஞ்சு தானா எறங்கி, ஸ்டாண்டுக்கு அடியில கண்ணாடிப் பொட்டியில பஞ்சு, வளையமெல்லாம் தாண்டி, கடைசி அறையில மோட்டர் திரும்ப மேல ஏத்தும். அகலமா எடம் கெடைக்கும், கழுவறது சுளுவு. அதை வெக்க எடமில்லன்னா மூடின டப்பா மாதிரி கேனிஸ்டர் இருக்கு. சத்தம் கெடையாது, அது உன் வீட்டுக்காரிக்குப் பிடிக்கும். ஆனா பெருசா ஒண்ணு வேணாம், நடுத்தரமா ரெண்டா வாங்கு. ஒண்ணு படுத்தா ஒண்ணு ஓடும், ஒரு மாசம் இதைக் கழுவினா அடுத்த மாசம் அதை. அதுலயும் பொட்டியில போட்டிருக்கிற லிட்டரு காலி டப்பாவுக்கு. பஞ்சைத் திணிச்சு அழுக்கும் ஏறிட்டா, தீவாளிக்கு முந்தின ஞாயித்துக்கிழமை ரங்கநாதன் தெருவுல எறங்கின மாதிரிதான், நகரும், ஆனா போய்ச் சேராது.

சம்ப் வெச்சா ஒரு பரிச்சை வெய்யி. எல்லாம் ஓடிக்கிட்டிருக்கிறப்போ பட்டுனு சுவிட்சை அணை. மேல மிச்சமிருக்கிற தண்ணி எறங்கும், மேல போற குழாயும் தலைகீழா உறிஞ்ச ஆரம்பிக்கும். சம்ப் வழியாம நின்னாத்தான் பாஸு. தண்ணி மட்டத்துக்குக் கொஞ்சம் கீழ அந்தக் குழாயில ஒரு சின்ன ஓட்டை போட்டு வை, காத்து பூந்து உறிஞ்சறதை நிறுத்திடும். அந்த ஓட்டையில பாசி அடைக்காமப் பாத்துக்க. இல்லன்னா உன் ஏரி கீழ் வீட்டுக்குக் கால்வாய் வெட்டும், அந்த நல்ல மனுசனும் எத்தனை நாளைக்கு நல்ல மனுசனா இருப்பாரு?

தண்ணியைச் சுத்த விடற தெசையும் முக்கியம். நீ காலையில பெசன்ட் நகர்ல நடக்கறியே, அப்படியே அடையாறு முகத்துவாரம் வரைக்கும் போய்ப் பாரு. கடல் ரெண்டு வேளை ஏறி எறங்கி ஆத்தைக் கழுவணும், அதுதான் சாமி போட்ட மோட்டர். மணல் மேடு வாயை அடைச்சுக்கிட்டா கழுவல் நின்னு பாலத்து மேல போறவன் மூக்கைப் பொத்தறான். உன் தொட்டியிலயும் அப்படி ஒரு செத்த மூலை இருக்கும். குப்பை எங்க சேருதோ அதுதான். மோட்டர் வாயை அந்தப் பக்கம் திருப்பு. மேல்மட்டத் தண்ணி சும்மா அலையணும், அங்கதான் காத்து கரையும். மே மாசத்துல உங்க வீட்டுத் தண்ணி 30 டிகிரி தாண்டும். 30 டிகிரியில லிட்டருக்குக் கரையறதே அதிகபட்சம் ஏழரை மில்லிகிராம் ஆக்சிஜன்தான். உனக்கு ஏழரை சனி முடிஞ்சிடுச்சு, மீனுக்கு வருசா வருசம் சித்திரையில வரும். இந்த லட்சணத்துல கடைக்காரன் ஹீட்டர் ஒண்ணையும் உன் தலையில கட்டியிருக்கான். மெட்ராசுல ஹீட்டர் விக்கறவன் பொழைச்சுக்குவாண்டா, அவன்கிட்ட உன் புள்ளையைத் தொழில் கத்துக்க அனுப்பு.

கரண்டு? 60 வாட் மோட்டர் ராப்பகலா ரெண்டு மாசம் ஓடினா 86 யூனிட். கவர்மென்ட்டு உனக்குக் குடுக்கற இலவச யூனிட்டுல 86-ஐ மீனு குடிச்சிடும். பரவால்ல, அதுவும் இந்த ஊரு பிரஜைதானே. பிளக்குக்குப் போற ஒயரு ஒரு தொங்கல் விட்டு ஏறணும், ஈரம் ஒயரோட வழிஞ்சு பிளக்குக்குள்ள பூராம அந்தத் தொங்கல்லயே சொட்டிடும். மெயின்ல கசிவுக்கு அணையற டிரிப்பர் இருக்கான்னு பாரு. தண்ணிக்குள்ள கைவிடறப்போ சுவிட்சை அணைச்சிட்டு விடு. நீ செத்த காலேஜ்ல சேர வேணாம்.

கடைசியா ஒண்ணு. 2016 டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா புயல் அடிச்சுச்சே, 2023 டிசம்பர்ல மிக்ஜாம் வந்துச்சே, எத்தனை தெருவுல நாள் கணக்கா கரண்டு இல்ல? பேட்டரியில ஓடற காத்து மோட்டர் ஒண்ணு அலமாரியில இருக்கட்டும். காத்துக் குழாயில திரும்பாத வால்வு போடு, இல்லன்னா தண்ணி குழாய் வழியா மோட்டருக்குள்ள எறங்கிடும். கேனிஸ்டர் பல மணி நேரம் நின்னுட்டா உள்ள கிருமி மூச்சடைச்சுச் செத்து அழுகியிருக்கும். கரண்டு வந்த சந்தோசத்துல அப்படியே சுவிட்சைப் போட்டா அந்தச் சாக்கடை அத்தனையும் மீனு மேல. தொறந்து கொட்டி அலசிட்டு அப்புறம் போடு.

ஞாயித்துக்கிழமை காலையில கொளத்தூர் மீன் சந்தைக்குப் போவோம், நானும் வரேன். இஞ்சு டேப் எடுத்துக்க, ஒரு வாளி எடுத்துக்க, மோட்டருக்கும் வளையத்துக்கும் பணம் எடுத்துக்க. மீனு வாங்கற பணத்தை உன் வீட்டுக்காரிகிட்ட குடுத்துட்டு வா, ஆறு வாரம் கழிச்சு வாங்கிக்கலாம்.