திதி தவறாத அதிதி

திதி பாராமல் வருகிறவனே அதிதி என்று பெரியோர் பொருள் சொல்லி வைத்தார்கள். சட்டக் கல்லூரிக்கு வந்து போகும் சிறப்பு விருந்தினர் இந்த இலக்கணத்துக்குள் அடங்காதவர். மூன்று வாரத்துக்கு முன்பே கடிதம் எழுதி, இருமுறை தொலைபேசியில் நினைவூட்டி, அழைப்பிதழில் தம் பெயருக்கு முன்னும் பின்னும் நிற்க வேண்டிய பட்டங்களை அவரிடமே காட்டிச் சரிபார்த்துக்கொண்டு நிச்சயித்த அந்தத் திதியில் அவர் தவறாமல் வந்து சேர்ந்துவிடுவார். அவர் பாராதது மணி ஒன்றைத்தான்.

சட்டக் கல்லூரி ஆசிரியனாக நான் கண்டு கேட்ட அளவில், ‘சட்டத்தின் ஆட்சி’ என்ற விஷயத்தைப் பற்றி மாணவர்களுக்குப் பிரசங்கம் செய்ய வருகிறவர்கள் மூன்று வகையினர். முதலாமவர், ஓய்வு பெற்ற நீதிபதி. 1215-இல் ரன்னிமீடு புல்வெளியில் ஜான் மன்னன் மகா சாசனத்துக்கு முத்திரையிட்ட காட்சியில் தொடங்கி, நூற்றாண்டுக்குப் பத்து நிமிஷம் என்ற நிதானத்தில் நடந்து வருகிறவராதலால், நம் அரசியலமைப்பு அமலுக்கு வந்த 1950-ஐ அவர் எட்டுவதற்கு எழுபத்து மூன்றரை நிமிஷம் பிடிக்கும் என்று என் மாணவர்கள் கணக்கிட்டு வைத்திருக்கிறார்கள். வழியில் 1607-ஆம் ஆண்டிலே, தாமே அமர்ந்து வழக்குத் தீர்க்க ஆசைப்பட்ட முதலாம் ஜேம்ஸிடம், அரசன் மனிதர் எவருக்கும் கீழ்ப்பட்டவன் அல்லனாயினும் கடவுளுக்கும் சட்டத்துக்கும் கீழ்ப்பட்டவனே என்று நீதிபதி எட்வர்ட் குக் எடுத்துரைத்த இடம் வரும்போது, அவருக்குக் குரல் தழுதழுக்கும். அந்தச் சமயம் பார்த்துத் தண்ணீர் கொடுக்க ஒரு மாணவனை அருகிலேயே நிறுத்தி வைப்பது எங்கள் வழக்கம்.

இரண்டாமவர், தொழிலில் கொடிகட்டிப் பறக்கும் மூத்த வழக்கறிஞர். இவருக்கு உலக சரித்திரமே 1973-இல்தான் ஆரம்பம். கேசவானந்த பாரதி வழக்கில் பதின்மூன்று நீதிபதிகள் 68 நாள் வாதம் கேட்டு, ஏழுக்கு ஆறு என்ற கணக்கில், அரசியலமைப்பைத் திருத்தப் பாராளுமன்றத்துக்கு அதிகாரமுண்டு, அதன் அடிப்படைக் கட்டமைப்பைக் குலைக்க மட்டும் இல்லை என்று தீர்ப்பளித்த வரலாற்றை அவர் சொல்லும் அழகே அழகு. “அந்த அறுபத்தெட்டு நாளும் பின் பெஞ்சில் உட்கார்ந்து கேட்டவனய்யா நான்!” என்று மார்பைத் தொட்டுக்கொள்வார். இதுவரை எங்கள் மேடையில் இவ்வாறு மார்பைத் தொட்டுக்கொண்டவர்களை எண்ணிப் பார்த்தால், அடிப்படைக் கட்டமைப்பு எவ்வளவு உறுதியானதோ அறியேன், தில்லியிலே அந்தப் பின் பெஞ்சு வெகு உறுதியானது என்று மட்டும் தோன்றுகிறது.

மூன்றாமவர், ஓய்வு பெற்ற அரசாங்க அதிகாரி. சட்டத்தை ஐந்து நிமிஷத்தில் முடித்துக்கொண்டு, தாம் ஜில்லாவில் இருந்த காலத்து அனுபவங்களில் இறங்குவார். அவருடைய ஒவ்வொரு கதையின் முடிவிலும் ஏதேனும் ஒரு விதி தளர்ந்திருக்கும். அதைத் தளர்த்தியது மனிதாபிமானம் என்பார்.

மூவருக்கும் பொதுவான லட்சணங்களும் உண்டு. “பொன்னாடையெல்லாம் எதற்கு?” என்று சொல்லிக்கொண்டே கழுத்தை நீட்டுவார்கள். பிரசங்கம் செய்ய வரவில்லை, கலந்து பேசவே வந்தோம் என்று தொடங்கி ஒன்றேகால் மணி நேரம் தாமே பேசுவார்கள். கன்றுக்காக மகனைத் தேர்க்காலில் இட்ட மனுநீதிச் சோழனைத் தவறாமல் அழைத்து வருவார்கள். ‘இறுதியாக’ என்ற சொல்லைக் குறைந்தது மூன்று முறை சொல்வார்கள். மூன்றாவது முறைக்குப் பிறகுதான் மாணவர்கள் புஸ்தகத்தை மூடலாம்.

சென்ற மாதம் வந்தவர் இரண்டாம் வகையைச் சேர்ந்தவர். கூட்டம் பதினொரு மணிக்கு. பத்து நிமிஷத்துக்கு மேல் தாமதித்து வருகிற மாணவனுக்கு வகுப்பில் இடமுமில்லை, வருகைப்பதிவுமில்லை என்பது எங்கள் கல்லூரி விதியாகையால், பதினொன்று பதினொன்றுக்கு மூச்சிரைக்க ஓடிவந்த ஒரு பையன் தாழ்வாரத்து ஜன்னலருகே நின்றுகொண்டிருந்தான். பதினொன்று நாற்பதுக்குப் பிரமுகரின் கார் வந்து, ‘இங்கே வாகனங்களை நிறுத்தக் கூடாது’ என்ற பலகையை மறைத்துக்கொண்டு நின்றது. இறங்கி வந்தவர் பையனைக் கண்டு, “ஏன் தம்பி வெளியே நிற்கிறாய்?” என்று பரிவோடு வினவினார்.

“லேட்டா வந்துட்டேன் சார்.”

“நேரம் தவறக் கூடாது தம்பி. சட்டத்தின் ஆட்சிக்கு அதுதான் முதற்படி” என்று அவன் தோளைத் தட்டிக் கொடுத்துவிட்டு, நாங்கள் எழுந்து நிற்க, உள்ளே பிரவேசித்தார்.

பிரசங்கம் அபாரமாக அமைந்தது. பேராசிரியர் டைசி 1885-இல் வெளியிட்ட நூலில், பிரதம மந்திரி முதல் போலீஸ் கான்ஸ்டபிள் வரையில் யாவரும் ஒரே சட்டத்துக்கும் ஒரே நீதிமன்றத்துக்கும் கட்டுப்பட்டவர்களே என்று நிலைநாட்டிய இரண்டாவது தத்துவத்தை அவர் விளக்கியபோது, கரகோஷம் எழுந்தது. பிறகு, “எந்தக் கேள்வியானாலும் கேட்கலாம்” என்றார். உள்ளே ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஜன்னலுக்கு வெளியிலிருந்து ஒரு குரல் வந்தது: “சார், டைசியோட ரெண்டாவது தத்துவம் இந்த வகுப்புக்கும் பொருந்துமா?”

“நல்ல கேள்வி” என்றார் விருந்தினர். விருந்தினர் பாஷையில் அதற்கு, ‘வேறு கேள்வி உண்டா?’ என்று அர்த்தம். ஆயினும் அவர் பெரிய வக்கீல், சமாளித்துக்கொண்டார். “பதினாலாவது ஷரத்து சமமானவர்களைச் சமமாக நடத்தச் சொல்கிறதே தவிர, எல்லாரையும் ஒரே தட்டில் வைக்கச் சொல்லவில்லை, நியாயமான வகைப்பாட்டை நீதிமன்றங்கள் அனுமதிக்கின்றன” என்றார். சட்டம் அப்படித்தான். அந்த வகைப்பாட்டுக்கும் சட்டத்தின் நோக்கத்துக்கும் பொருத்தம் இருந்தாக வேண்டும் என்ற மற்றப் பாதியை அவர் சொல்வதற்குள் நன்றியுரை தொடங்கிவிட்டது. தொடங்கியவன் நான்தான்.

அன்று மாலை வருகைப்பதிவேட்டை எடுத்து அந்தப் பையனின் பெயருக்கு நேரே வரவில்லை என்று குறித்தேன். பிரசங்கத்தைக் கவனித்துக் கேட்டவன் அவன் ஒருவன்தான் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. என்ன செய்வது, விதியை எழுதிய கமிட்டியில் நானும் ஓர் அங்கத்தினன்.

அடுத்த வாரம் பக்கத்து ஊர்க் கல்லூரியில் நான் சிறப்பு விருந்தினன். தலைப்பு, சட்டத்தின் ஆட்சி. அழைப்பிதழில் பத்து மணி என்று போட்டு, என்னை அழைத்துப் போகக் கார் பத்தரைக்கு வரும் என்று தனிக் கடிதத்தில் எழுதியிருக்கிறார்கள். முன்னதாக அனுப்புங்கள் என்று பதில் எழுத இரண்டு நாளாகக் காகிதத்தை எடுத்து எடுத்து வைக்கிறேன். கை வரமாட்டேன் என்கிறது.